சிரிப்புக்குச் சொன்னது

புதன்கிழமை மதியம் வெளிநோயாளிகள் கூட்டம் கலைந்ததும் பிசியோதெரபி அறையில் ஏழெட்டு டாக்டர்கள் கூடுவார்கள். சாத்திக்கொள்ளக் கதவும் உட்காரப் போதுமான இடமும் ஒன்றாக வாய்த்த அறை அந்த ஆஸ்பத்திரியில் அது ஒன்றுதான். நடை பழகும் கம்பிகளுக்கு நடுவே ஸ்டூல்களை வட்டமாகப் போட்டுக்கொள்வார்கள். ஸ்டூல் போதாத நாளில் எலும்பு டாக்டர் அங்கே கிடக்கும் பெரிய ரப்பர் பந்தின் மேல் உட்கார்ந்துவிடுவார். யாராவது மனதைப் பிழிந்து பேசிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் லேசாக மேலும் கீழும் ஆடிக்கொண்டிருப்பார். அதைப் பார்க்காதது மாதிரி இருக்க எல்லோரும் பழகியிருந்தார்கள்.

கூட்டத்தை ஆரம்பித்தவர் பல் டாக்டர். வேலையில் மனதில் ஏறுகிற பாரத்தை டாக்டர்கள் தங்களுக்குள்ளேயே பேசி இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும் என்று நிர்வாகத்தை நச்சரித்து அனுமதி வாங்கியிருந்தார். மனநல டாக்டர் நடத்தினால் வைத்தியத்துக்கு வந்த மாதிரி ஆகிவிடும், பல் டாக்டர் என்றால் யாருக்கும் கூச்சமில்லை, வாயைத் திறக்கச் சொல்வதுதானே தன் பிழைப்பு என்று அவரே சொல்லிச் சிரிப்பார். விதி ஒன்றே ஒன்று. இந்த அறையில் காதில் விழுந்தது இந்த அறையோடு போக வேண்டும். பெண்டாட்டியானாலும் புருஷனானாலும் மூச்சுவிடக் கூடாது.

மயக்க டாக்டர் அந்த வட்டத்தில் வந்து உட்கார்ந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆபரேஷனுக்கு வருகிறவர்களைத் தூங்கவைத்து, தூக்கத்தில் காவல் இருந்து, எழுப்பி அனுப்புவது அவள் வேலை. முறை வரும்போது, "இன்னிக்கு ஒண்ணும் இல்லைங்க" என்பாள். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். கேட்பதில் அவள் கெட்டி. பேசுகிறவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், இருமக்கூட இருமாமல் கேட்பாள். பேசுகிறவர்களும் தங்களையறியாமல் அவள் பக்கமே திரும்பிப் பேசுவார்கள்.

இடியும் அப்படித்தான் அன்றைக்கு அவள் பக்கம் திரும்பிப் பேசினார்.

இடி என்பது ஆபரேஷன் தியேட்டரில் இருப்பவர்கள் ஒரு சர்ஜனுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர். வாசற்படியில் குனிந்து வருகிற உயரம். கத்தரிக்கோலைத் தலைகீழாக நீட்டிவிட்டால் அவர் போடுகிற சத்தத்தில் பக்கத்துத் தியேட்டரில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்டவர், தொடையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, மெல்லிய குரலில் ஆரம்பித்தார். போன வருஷம் அவர் ஆபரேஷன் செய்த ஓர் இளம்பெண், எல்லாம் நல்லபடியாக முடிந்து வார்டில் எழுந்து நடந்த பிறகு, ரத்தக் கட்டி நுரையீரலை அடைத்து இறந்துபோனாள். யார் மேலும் தப்பில்லை என்று விசாரித்துச் சொல்லிவிட்டார்கள். அதை அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் அதற்கப்புறம் தியேட்டர் வாசலுக்கு வந்தால் கால் நகர மறுத்தது. ஒரு நாள் பக்கத்தில் இருந்த துணி அறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பெண்டாட்டிக்குப் போன் போட்டார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அந்த அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை. "ஒண்ணும் ஆகாது, போங்க" என்று மட்டும் சொன்னார். அவர் போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆபரேஷனுக்கு முன்னாலும் துணி அறை, போன், அந்த ஒரு வாக்கியம். அது காதில் விழாமல் உள்ளே போக முடிவதில்லை.

"ஒரு நாள் அவ போன எடுக்கல," என்றார் இடி. "குளிச்சுக்கிட்டு இருந்திருக்கா. நான் துணி ரூம்ல பெட்ஷீட்டுக்கு நடுவுல நிக்கிறேன். உள்ள பேஷன்ட் காத்துக்கிட்டு இருக்கார். வேர்த்து ஊத்துது. கடைசில அவளே கூப்பிட்டா, தலையெல்லாம் ஷாம்பு நுரையோட. எதுக்குன்னு கேக்கல. சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு வச்சுட்டா."

எலும்பு டாக்டரின் பந்துகூட அசையவில்லை.

அந்த நாள் மயக்க டாக்டருக்கு நினைவிருந்தது. உள்ளே காத்திருந்த நோயாளியின் தலைமாட்டில் நின்றவளே அவள்தான். வயதான மனிதர். இன்னும் மயக்கம் கொடுத்திருக்கவில்லை. மேலே விளக்கைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், "ஏம்மா, டாக்டர் சாப்பிடப் போயிட்டாரா?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். உள்ளுக்குள் எரிச்சலாகவும் இருந்தது, பெரிய சர்ஜன் என்றால் நாமெல்லாம் காத்துக்கிடக்க வேண்டுமா என்று. இப்போது அந்த எரிச்சலுக்காகத் தன்னையே நொந்துகொண்டாள். கூட்டம் முடிந்து, காரில் ஏறி, சாவியைப் போடாமல் கொஞ்ச நேரம் அழுதாள். அழுதது பொய்யில்லை. பிறகு நடந்ததை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு விளங்காமல் போனது இதுதான். கேட்டு அழுத அவளேதான் அதைச் சொல்லிச் சிரிக்கவும் வைத்தாள்.

அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரும் அவர் கணவரும் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். நாத்தனார் நல்ல மனுஷிதான். நாக்கில் மட்டும் ஒரு முள். தம்பி பெண்டாட்டி எந்த விசேஷத்துக்கும் நேரத்துக்கு வருவதில்லை, வந்தாலும் ஊமை மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவருடைய பல வருஷக் குறை. அன்றைக்கும் சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"உனக்கென்னம்மா, ஒரு ஊசி. அப்புறம் அவங்க பாட்டுக்குத் தூங்குவாங்க, நீ பாட்டுக்கு உக்காந்திருப்ப. விடிஞ்சா அடைஞ்சா வேலை பாக்கறதெல்லாம் எங்க தலையில."

வழக்கமாக விழுங்கிக்கொள்வாள். அன்றைக்கு ஏனோ, தன் வேலையிலும் சுவாரசியம் உண்டு என்று இவர்களுக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது. "எங்க ஆஸ்பத்திரில ஒரு சர்ஜன் இருக்கார் அண்ணி," என்று தொடங்கினாள். பேர் சொல்லவில்லை. அதில் கவனமாக இருந்தாள். மலை மாதிரி ஆள், சத்தம் போட்டால் ஜன்னல் அதிரும் என்று சொன்னாள். பிறகு அந்த மலை துணிகளுக்கு நடுவே பதுங்கி நிற்பதைச் சொன்னாள். இறந்துபோன பெண்ணைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் கதை கெட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டே போகும்போதே புரிந்தது. கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு, "ஒரு தடவை சொல்லும்மா, சொல்லிடும்மா" என்று அவர் குரலில் கெஞ்சினாள். தலையில் நுரை வழிய, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "ஒண்ணும் ஆகாது, போங்க" என்று அந்த அம்மாவாகவும் பேசினாள். அதற்கு நடுவில், படுத்திருக்கிற பெரியவர், "டாக்டர் சாப்பிடப் போயிட்டாரா?"

புருஷனுக்குப் புரையேறிவிட்டது. நாத்தனார் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பெரியவர் கேட்டத இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார். சொன்னாள். இரண்டாம் தடவை இன்னும் நன்றாக வந்தது. நாத்தனார் அவள் முதுகில் தட்டி, "இவ்வளவு வச்சுக்கிட்டா இத்தனை நாள் வாயத் திறக்காம இருந்த?" என்று கேட்டபோது உடம்பே லேசான மாதிரி இருந்தது. பாத்திரம் கழுவும்போதுதான் செய்தது சரியா என்று தோன்றியது. பேர் சொல்லவில்லையே, அப்புறம் என்ன என்று குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

நாத்தனார் கணவர் மருந்து கம்பெனியில் வேலை பார்க்கிறவர். பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குவதுதான் அவர் நாள் முழுக்கப் பார்க்கிற வேலை. இது அவளுக்குத் தெரியாத சங்கதி இல்லை. சொல்லும்போது நினைவுக்கு வரவில்லை என்பது மட்டும்தான்.

சில வாரம் கழித்து ஒரு நாள் காலை. தியேட்டருக்கு வெளியே சர்ஜன் கை கழுவிக்கொண்டிருந்தார். மயக்க டாக்டர் உள்ளே மருந்துகளை ஊசிகளில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பயிற்சி டாக்டர் ஒருவன், சர்ஜன் கழுவுத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்காமல், தயங்கி நின்ற இன்னொருவனை உள்ளே தள்ளி, "ஒண்ணும் ஆகாது, போங்க" என்றான். பெண் குரலில் இழுத்துச் சொன்னான். அடுத்தவன் அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டே, கிழவர் குரலில், "டாக்டர் சாப்பிடப் போயிட்டாரா?" என்று கேட்டான்.

தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அது நிற்கவே இல்லை. சர்ஜன் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு முழங்கையால் குழாயை மூடிவிட்டு உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல் கையை நீட்டினார், கவுன் மாட்ட. ஆபரேஷன் முடியும்வரை அவர் குரல் உயரவில்லை. கத்தரிக்கோலைத் தப்பாக நீட்டியபோதும் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார். தலைமாட்டில் அவள் மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதியம் நாத்தனார் கணவருக்குப் போன் செய்து, எதற்கோ கேட்பது போல் கேட்டாள். அவர் உற்சாகமாகிவிட்டார். அந்தக் கதையை அவர் போகிற இடமெல்லாம் சொல்கிறாராம். போன மாதம் அவளுடைய ஆஸ்பத்திரி கேன்டீனில் சொன்னபோதுதான், இது நம்ம இடிதானே என்று அங்கே ஒருத்தர் கண்டுபிடித்துவிட்டாராம். அப்புறம் என்ன சிரிப்பு தெரியுமா என்றார். அவளும் சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். ஏன் சிரித்தோம் என்று அதற்கும் சேர்த்துக் கூசியது.

அடுத்த புதன்கிழமை இடி கூட்டத்துக்கு வந்தார். எல்லோரும் உட்கார்ந்ததும் அவரே பேசினார். "நான் இங்க சொன்னது வெளில போயிருக்கு. யாருன்னு நான் கேக்கப் போறதில்ல. சொல்லணும்னு தோணினா அவங்களே சொல்லலாம்."

யாரும் நிமிரவில்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை என்று மயக்க டாக்டருக்குத் தெரிந்தது. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் எலும்பு டாக்டரின் பார்வை மெதுவாகப் போய் ரத்த வங்கி டாக்டர் மேல் நின்றது. ரத்த வங்கி டாக்டர் கூட்டத்துக்குப் புதிது, இடி பேசிய அன்றைக்குத்தான் முதலில் வந்தாள். அதிகம் பேசாத பெண். அதற்கு முந்தைய கூட்டத்தில்தான் முதல்முறையாக வாய் திறந்து, இப்போதெல்லாம் போன் மணி அடித்தாலே கை நடுங்குகிறது, கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் போலிருக்கிறது என்று சொல்லியிருந்தாள். அவளுடைய அக்கா அதே தியேட்டரில் நர்ஸ்.

"என்னை ஏன் சார் பாக்கறீங்க?" என்றாள் ரத்த வங்கி டாக்டர்.

"நான் யாரையும் பாக்கலையே," என்றார் எலும்பு டாக்டர்.

"எங்க அக்கா தியேட்டர்ல இருக்கா. அதனாலதானே? நான் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

பல் டாக்டர் தலையிட்டு, யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம் என்று என்னென்னவோ சொன்னார். ஆனால் அந்தப் பெண்ணின் குரல் நடுங்கியதையே சிலர் சாட்சியாக எடுத்துக்கொண்டது முகங்களில் தெரிந்தது. மயக்க டாக்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு நுனிக்கு வந்தது உள்ளே போய்விட்டது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வெளியே நடந்து போகும்போது எலும்பு டாக்டர் கூடவே வந்து, உங்களுக்கு என்ன தோன்றுகிறது மேடம் என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது வேறு.

"அக்கா தங்கச்சி ஒரே வீட்ல இருக்காங்க. பேசாமயா இருப்பாங்க?"

அவ்வளவுதான் சொன்னாள். எலும்பு டாக்டர் ஆமாம் என்று தலையாட்டினார். மயக்க டாக்டர் பேசி யாரும் கேட்டதில்லை என்பதால், அவளே சொன்னாள் என்றால் அதற்குத் தனி மதிப்பு. பத்து நாள்கூட ஆகவில்லை, அந்தப் பேச்சு பரவி, அக்கா நர்ஸைத் தியேட்டரிலிருந்து எடுத்து ஆண்கள் வார்டில் போட்டார்கள். ரத்த வங்கி டாக்டர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

மயக்க டாக்டர் மட்டும் தவறாமல் போனாள். போகாவிட்டால் தெரிந்துவிடும் என்ற பயம். மற்றவர்கள் முன்போலவே அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். அவளால்தான் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. வீட்டில் கரண்டியை எடுத்தாலே அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. தூங்கும் புருஷனை எழுப்பி இரண்டு முறை சொல்லப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று அவன் கேட்டதும் தலைவலி என்றாள்.

பிறகு ஒரு நாள் நடுப்பகலில், ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போது, நினைத்ததைவிட அதிகமாக ரத்தம் போகத் தொடங்கியது. சர்ஜனின் கை உள்ளே அழுத்திப் பிடித்திருந்தது. மயக்க டாக்டர் ரத்த வங்கிக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள். ஆளை அனுப்புவார்கள் என்று பார்த்தால் ரத்த வங்கி டாக்டரே பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஓடிவந்த மூச்சு அடங்குவதற்குள் ஒவ்வொரு பையின் எண்ணையும் வாய்விட்டுப் படித்தாள். மயக்க டாக்டர் தன் கையிலிருந்த தாளோடு ஒப்பிட்டு, சரி, சரி என்றாள். கடைசிப் பையைக் கொடுக்கும்போது அந்தப் பெண்ணின் விரல்கள் நடுங்குவதைப் பார்த்தாள். போன் மணி அடித்தால் நடுங்குகிற கை. முதல் மணியிலேயே எடுத்திருந்தது அந்தக் கைதான். அவள் மயக்க டாக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் திரும்பிப் போய்விட்டாள்.

நோயாளி பிழைத்துக்கொண்டார். அன்று மாலை, சர்ஜன் தன் அறையில் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது மயக்க டாக்டர் போய் எதிரில் நின்றாள். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் உதவவில்லை.

"சார், அதை வெளில சொன்னது நான்."

அவர் நிமிரவில்லை. "தெரியும்," என்றார்.

எப்படி சார் என்றாள்.

"அந்தப் பசங்க பேசிக்கிட்டப்பவே தெரியும். கெழவர் குரல்ல, டாக்டர் சாப்பிடப் போயிட்டாரான்னு ஒருத்தன் கேட்டான் இல்ல? அதை நான் கூட்டத்துல சொல்லல. எனக்கே தெரியாது அது. நான் துணி ரூம்ல இல்ல இருந்தேன்? கூட்டத்துக்கு வர்றவங்கள்ல உள்ள இருந்தது நீங்க மட்டும்தான். அந்த சிஸ்டர்கூட அன்னிக்கு லீவு."

அப்படியானால் அன்றைக்குக் கூட்டத்தில், சொல்லணும்னு தோணினா அவங்களே சொல்லலாம் என்றது அவளைப் பார்த்துத்தான். அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குப் பிறகும் எத்தனை ஆபரேஷன். எத்தனை முறை, ஆரம்பிக்கலாமா மேடம் என்று கேட்டிருக்கிறார்.

"ஏன் சார் சொல்லல?"

அவர் ஷூவைக் கட்டி முடித்துவிட்டு, எழாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "சொன்னா நீங்க என் தியேட்டர விட்டுப் போயிடுவீங்க. இப்ப வீட்டுக்குப் போன் பண்றதும் இல்ல. அவகிட்டயே யாரோ வந்து கேட்டுட்டாங்க, அந்தக் கதை உண்மையான்னு. அதுலேர்ந்து எப்படிக் கூப்பிடறது? தலைமாட்டுல நீங்க நிக்கிறீங்கன்னுதான் உள்ள போறேன். அதையும் விட்டுட எனக்குத் துணிச்சல் இல்ல."

பிறகு எழுந்துகொண்டே சொன்னார். "அந்த பிளட் பேங்க் பொண்ணு இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தேன். நீங்க பண்ணினது உங்களோட. இது என்னோட."

அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பாள். இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்குப் பயந்தவள், அன்றைக்கு அதற்காக ஏங்கினாள். நான் போய் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுகிறேன் என்றாள். நானும் வருகிறேன் என்றார். வேண்டாம் சார், நீங்க தனியாகப் போய்ச் சொல்லுங்கள், நான் தனியாகச் சொல்கிறேன் என்றாள்.

அங்கிருந்து நேராக ரத்த வங்கிக்குப் போனாள். குளிர்பெட்டியின் இரைச்சல் அந்தச் சின்ன அறை முழுக்க நிறைந்திருந்தது. மயக்க டாக்டர் எதையும் மறைக்காமல் சொன்னாள். கரண்டி, சிரிப்பு, கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்தது, எலும்பு டாக்டரிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியம். கடைசியில் சொன்னதுதான் அந்தப் பெண்ணைத் தைத்தது.

"அதை நீங்களா சொன்னீங்க?" என்று கேட்டாள். "எங்க அக்கா என்கூடப் பேசறதில்ல, தெரியுமா? நான் அவகிட்ட எதையும் சொல்லலன்னு அவளுக்குத் தெரியும். ஆனா அந்தக் கூட்டத்துக்கு நீ போகாம இருந்தா என் மேல பழி வந்திருக்குமான்னு கேட்டா, அதோட சரி. ஒரே வீட்ல தனித்தனியா சாப்பிடறோம்."

"என்னை மன்னி..." என்று மயக்க டாக்டர் தொடங்கினாள்.

"என்கிட்ட வேண்டாம் மேடம். அவகிட்ட போய்ச் சொல்லுங்க."

அக்கா ஆண்கள் வார்டில் ஒரு கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள். தனியாக வர முடியுமா சிஸ்டர் என்று மயக்க டாக்டர் கேட்டதற்கு, வேலை கிடக்கிறது, இங்கேயே சொல்லுங்கள் டாக்டர் என்றார். அங்கேயே சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தவர் பத்திரிகையைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். நர்ஸ் விரிப்பின் சுருக்கத்தை நீவி, முனையை மெத்தைக்கு அடியில் செருகினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சரி டாக்டர். நான் தியேட்டர்ல எத்தனை வருஷமா இருக்கேன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு அங்க திரும்பப் போகணும். அதுக்கு என்ன செய்யப் போறீங்க?"

மன்னிப்புக் கேட்பதோடு முடிந்துவிடும் என்று தான் நினைத்து வந்திருந்தது அப்போதுதான் மயக்க டாக்டருக்கே தெரிந்தது. அதற்கும் வெட்கப்பட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, கால் போகத் தயங்கினாலும் நேராக நர்ஸ்களுக்குத் தலைவியாக இருந்தவரின் அறைக்குப் போனாள். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, "இதை நான் மேல சொல்லித்தான் ஆகணும். உங்க பேர் வரும். பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. வரட்டும் என்றாள். ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிட்டது. லிஃப்டில் அவள் ஏறினால் பேச்சு நின்றது. முதலில் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்த பயிற்சி டாக்டர்கள்கூட இப்போது அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

புதன்கிழமை கூட்டத்தில் அவள் முதல்முறையாகப் பேசினாள். யாரும் குறுக்கே பேசவில்லை. அன்றைக்கு ஸ்டூல் காலியாக இருந்தும் எலும்பு டாக்டர் நின்றுகொண்டே கேட்டார். "நானும் அதை நாலு பேர்கிட்ட சொன்னேன்," என்றார், முடிந்ததும். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ரத்த வங்கி டாக்டர் திரும்ப வரத் தயார், ஆனால் நீங்கள் இருந்தால் வர மாட்டாள் என்று பல் டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் எழுந்து, தன் ஸ்டூலைச் சுவரோரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வாசல்வரை வந்த பல் டாக்டர், எப்போது வேண்டுமானாலும் என் அறைக்கு வாங்க மேடம், நான் ஒருத்தன் கேட்கிறேன் என்றார். அவருடைய நல்ல மனதைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது. சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டிலும் சொல்ல வேண்டியிருந்தது. நாத்தனார் வீட்டில் எல்லோரும் இருந்தபோது சொன்னாள். இந்தச் சின்ன விஷயத்துக்கா இவ்வளவு என்று நாத்தனார் இழுத்தார். ஆனால் அவர் கணவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நான் எத்தனை எடத்துல சொல்லியிருக்கேன்னு எனக்கே கணக்கு இல்லம்மா," என்றார். "அந்த பேஷன்ட் பொண்ணு செத்துப்போனத நீ சொல்லவே இல்லையே."

ஆமாம், சொல்லவில்லை. அதை விட்டுவிட்டுச் சொன்னால்தான் சிரிப்பு வரும் என்று தனக்குத் தெரிந்திருந்தது என்றாள். புருஷன் அவளைப் பார்த்தான். அவன்தான் அன்றைக்கு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்துகொண்டே, "நான் உன்னை அப்படிப் பாத்ததே இல்ல, அதான் சந்தோஷத்துல சிரிச்சுட்டேன்" என்றான்.

இரண்டு மாதம் கழித்து அந்த நர்ஸ் தியேட்டருக்குத் திரும்பினார். சர்ஜனும் போய் எழுதிக்கொடுத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. அக்காவும் தங்கையும் பேசிக்கொள்கிறார்களா என்று கேட்க மயக்க டாக்டருக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு நாள் கேன்டீனில் இருவரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தாள். பார்த்ததை அவர்கள் கவனிப்பதற்குள் வேறு பக்கம் நகர்ந்துவிட்டாள்.

சர்ஜன் இப்போதெல்லாம் சீக்கிரமே வந்து, கையை மடக்கிக்கொண்டு தியேட்டர் மூலையில் உட்கார்ந்திருக்கிறார். வாசலில் நின்று உள்ளே வர முடியாமல் தவிப்பதைவிட, முதலிலேயே உள்ளே வந்துவிடுவது சுலபமாக இருக்கிறது என்று யாரிடமோ சொன்னாராம். அவர் சத்தமும் முழுதாகத் திரும்பவில்லை. அவ்வப்போது உயர்ந்து, பாதியில் தானாக இறங்கிவிடும். அப்படி இறங்கும் ஒவ்வொரு முறையும் அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

நர்ஸ் திரும்பி வந்த முதல் நாள் காலை, மருந்துத் தட்டைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்து, "எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க டாக்டர்" என்றார். குரலில் கோபம் இல்லை, சிநேகமும் இல்லை. மற்ற டாக்டர்களிடம் பேசுகிற அதே குரல். மயக்க டாக்டர் ஒவ்வொரு ஊசியாக எடுத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது சிஸ்டர் என்றாள். பிறகு நோயாளியின் பக்கம் குனிந்து, பயப்படாதீங்க, நான் இங்கேயேதான் இருப்பேன் என்று சொல்லி, மருந்தை மெல்ல ஏற்றத் தொடங்கினாள்.